கல்லாவுக்குச் சில்லறை: நாணயமா, நோட்டா, ஸ்கேனா?

கல்லாவில் 1,000 ரூபாய் வைத்துக் கடை திறந்தாலும், அது இரண்டு 500 ரூபாய்த் தாளாக இருந்தால் முதல் போணியிலேயே வியாபாரம் தடுமாறும். 38 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 50 ரூபாயை நீட்டுகிறவருக்கு 12 ரூபாய் திருப்பித் தர வழியிருக்காது. மளிகை, டீ, காய்கறி, ஜெராக்ஸ் என்று சிறு தொகையில் ஓடும் எந்தக் கடைக்கும் இதே பாடுதான்.

இதைச் சமாளிக்க நான்கு வழிகள் கண்முன்னே இருக்கின்றன. நாணயம் சேர்த்து வைக்கலாம். 10, 20 ரூபாய் நோட்டுகளை நம்பலாம். எல்லாவற்றையும் யுபிஐக்கு மாற்றிவிடலாம். சில்லறையே தேவைப்படாதபடி விலையை அமைக்கலாம். ஒரே ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு முழு நாளையும் ஓட்ட முடியாது. எந்த மதிப்புக்கு எது என்று பிரித்து முடிவு செய்வதுதான் சரி. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: 10 ரூபாய்க்குக் கீழே நாணயம், 10 ரூபாயில் பெரும்பங்கு நாணயம், கொஞ்சம் நோட்டு, 20 ரூபாயிலிருந்து நோட்டு. யுபிஐ இருக்கட்டும், ஆனால் அதை நம்பிச் சில்லறையைக் குறைக்கும் முன் கீழே சொல்லியிருப்பதைப் படித்துவிடுங்கள்.

ஒன்று, இரண்டு, ஐந்து

2 ரூபாய், 5 ரூபாய் நோட்டுகள் செல்லும், ஆனால் அச்சிடுவதை நிறுத்தி நாளாகிவிட்டது. 1 ரூபாய் நோட்டு 2015இல் மறுபடி வெளிவந்தாலும் கடைப் புழக்கத்தில் கண்ணில் படுவதில்லை. ஆகவே இந்த மூன்று மதிப்புகளுக்கும் நாணயம்தான். எதை எத்தனை வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 'சில்லறை' என்று கேட்டு வாங்கும்போது கைநிறைய 1 ரூபாயை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்பது பேருக்கு முறையே 1, 2, 3 என்று 9 ரூபாய் வரை மீதி கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 3 ரூபாய்க்கு 2+1, 4 ரூபாய்க்கு 2+2, 8 ரூபாய்க்கு 5+2+1, 9 ரூபாய்க்கு 5+2+2. மொத்தமாக எண்ணினால் 1 ரூபாய் நாணயம் 4, 2 ரூபாய் 8, 5 ரூபாய் 5 தேவைப்படும். கூட்டினால் 17 நாணயம். ஒரு ரூபாயைவிட இரண்டு ரூபாய் இரு மடங்கு வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. 2 ரூபாய் தீர்ந்துபோனால் அதே ஒன்பது பேருக்கு 20 ஒற்றை ரூபாயும் 5 ஐந்து ரூபாயும், ஆக 25 நாணயம் போகும். 5 ரூபாய் தீர்ந்தாலும் அதே 25தான். எண்ணும் நேரமும் கூடும், பெட்டியும் சீக்கிரம் காலியாகும்.

இந்த 4:8:5 விகிதத்தை வைத்து 1,000 ரூபாய்க்கு ஒரு காலைக் கல்லாவை அமைத்தால் இப்படி வரும்: 1 ரூபாய் 40, 2 ரூபாய் 80, 5 ரூபாய் 50, 10 ரூபாய் நாணயம் 35 (இதில் கால் பங்கை நோட்டாகவும் வைத்துக்கொள்ளலாம்), 20 ரூபாய் நோட்டு 10. ஒற்றை இலக்க மீதி கேட்கும் 90 பேரை, ஒரு நாணயம்கூட உள்ளே வராவிட்டாலும் இது தாங்கும். உண்மையில் வாடிக்கையாளர்களிடமிருந்தும் நாணயம் வந்துகொண்டிருக்கும் என்பதால் நடுத்தரக் கடைக்கு ஒரு நாள் தாராளமாக ஓடும். 2019 வரிசை (அந்த ஆண்டு அறிமுகமான வடிவம்) நாணயங்களாகவே இருந்தால் இந்த 205 நாணயங்களின் எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். தள்ளுவண்டிக்காரர் இடுப்புப் பையில் கட்டிக்கொள்ள அது கனம்தான், பாதியாக வைத்துக்கொள்வது நல்லது. மேசைக் கல்லாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

விகிதம் உங்கள் விலைப்பட்டியலைப் பார்த்து மாறும். எல்லா விலையும் 5இன் மடங்காக இருந்தால் 1, 2 ரூபாயை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து 5 ரூபாயை இரட்டிப்பாக்குங்கள். எம்.ஆர்.பி. 18, 28, 38 என்று முடியும் பாக்கெட்டுகள் அதிகம் விற்கும் மளிகைக் கடையில் 2 ரூபாய்தான் முதலில் தீரும்.

கவனிக்க வேண்டிய ஒரு பொறி இங்கே உண்டு. இந்திய நாணயங்கள் வரிசைக்கு வரிசை அளவு மாறியவை. பழைய 1 ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர் விட்டம், 4.85 கிராம் எடை. 2011 வரிசையில் வந்த 2 ரூபாய் நாணயமும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம், அதே எஃகு நிறம். அவசரத்தில் கை தடவிப் பார்த்து எடுத்தால் 1 ரூபாய்க்குப் பதில் 2 ரூபாய் போய்விடும், அல்லது வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய் குறையும். 2011 வரிசை 1 ரூபாய் 22 மில்லிமீட்டர், 2019 வரிசை 2 ரூபாய் 23 மில்லிமீட்டர், இதுவும் குழப்பும். அதனால் தராசில் எடை போட்டு நாணயம் எண்ணும் பழக்கம், ஒரே வரிசை நாணயங்களைத் தனியாகப் பிரித்த பிறகுதான் உதவும். பிரித்துவிட்டால் நல்ல வசதி: 2019 வரிசையில் நூறு நாணயத்தின் எடை 1 ரூபாய்க்கு 309 கிராம், 2 ரூபாய்க்கு 407, 5 ரூபாய்க்கு 674, 10 ரூபாய்க்கு 774.

50 காசு இன்றும் செல்லும். 25 காசும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போயின. கல்லாவில் வந்து கிடந்தால் ஒதுக்கி வைத்துவிடலாம்.

பத்து ரூபாய்: நாணயத்தைத் தள்ளாதீர்கள்

பத்தில்தான் உண்மையான போட்டி. நோட்டு மெல்லியது, சட்டைப் பையில் அடங்கும், யாரும் மறுப்பதில்லை. ஆனால் 10 ரூபாய் நோட்டு ஒரு நாளில் பலர் கை மாறுவது. வியர்வை, எண்ணெய், ஈரம் எல்லாம் ஏறி மடிப்பில் கிழியும். மீன், காய்கறி, டீக்கடை போல ஈரக் கையோடு நிற்கும் இடத்தில் நோட்டு ஒட்டிக்கொண்டு ஒன்றுக்கு இரண்டாகப் போகும். புத்தம்புதுக் கட்டிலிருந்து எடுத்தாலும் இதே ஆபத்து உண்டு. புதுக் கட்டை ஒருமுறை விசிறிப் பிரித்த பிறகே கல்லாவில் போடுங்கள்.

நாணயத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. கழுவலாம், அடுக்கலாம், பத்துப் பத்தாக அடுக்கிவைத்தால் ஒரு பார்வையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். 27 மில்லிமீட்டர் விட்டம், இரு நிற உலோகம், அதனால் வேறு சிறு நாணயத்தோடு குழம்பாது. கடைக்காரரின் கையைப் பொறுத்தவரை நாணயமே மேல்.

பிறகு ஏன் நாணயம் மட்டும் போதும் என்று சொல்லவில்லை? பல ஊர்களில் 10 ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. ரூபாய்க் குறியீடு இல்லாதது போலி, 15 கோடு இருந்தால் போலி, 10 கோடு இருந்தால்தான் அசல் என்றெல்லாம் வதந்தி. ரூபாய்க் குறியீடு நாணயத்தில் வந்ததே 2011இல்தான். அதற்கு முன் அச்சானவற்றில் அது இருக்க வாய்ப்பே இல்லை. 2018 ஜனவரி 17 அன்று இந்திய ரிசர்வ் வங்கி, அதுவரை 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வெளியாகியிருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று அறிவித்தது. 14440 என்ற எண்ணில் பதிவு செய்த குரல் விளக்கத்தையும் ஏற்படுத்தியது. மறுக்கும் வாடிக்கையாளரிடம் வாக்குவாதம் செய்வதைவிட, அந்த எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கல்லா அருகே ஒட்டிவைப்பது பலன் தரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 1 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் சட்டப்படி செல்லுபடியாகும். 50 காசு நாணயம் 10 ரூபாய் வரைக்கும்தான். அதாவது 800 ரூபாய் பில்லுக்கு ஒருவர் முழுக்க 10 ரூபாய் நாணயமாகக் கொடுத்தாலும் அது செல்லும் பணம்தான்.

எங்கள் பரிந்துரை, பத்தில் முக்கால் பங்கு நாணயம், கால் பங்கு நோட்டு. நாணயத்தை முதலில் கொடுங்கள். வயதானவர், வெளியூர் போகிறவர், நாணயம் வாங்காத பகுதிக்குத் திரும்புகிறவர் நோட்டுக் கேட்டால் மனம் கோணாமல் மாற்றிக் கொடுங்கள். நீங்களும் நாணயத்தை வாங்குகிறீர்கள் என்று தெருவுக்குத் தெரிந்தால், மறுப்பவர்கள் எண்ணிக்கை தானாகக் குறையும். வாங்க மாட்டேன், ஆனால் கொடுப்பேன் என்கிற கடையிடம்தான் ஜனங்களுக்குக் கோபம் வருகிறது, அது நியாயமான கோபம்.

இருபதும் அதற்கு மேலும்

20 ரூபாய் நாணயம் 2020இல் புழக்கத்துக்கு வந்தது. 12 பக்கம், 27 மில்லிமீட்டர், 8.54 கிராம். 10 ரூபாயில் வெளிவளையம் மஞ்சள், நடு வெள்ளி நிறம். 20இல் அப்படியே நேர்மாறு. விட்டம் ஒன்றே என்பதால் அவசரத்தில் 10 என்று நினைத்து 20ஐக் கொடுத்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. இரண்டையும் ஒரே குழியில் போடாதீர்கள். கைக்கு வருவதும் அரிதாக இருப்பதால், 20க்கு நோட்டையே நம்பலாம்.

கடையை நிஜமாக மூச்சுத்திணற வைப்பது 50, 100 தட்டுப்பாடு. ஏடிஎம்மிலிருந்து 500ஆக எடுத்து வருகிறவர் 40 ரூபாய்க்கு வாங்கினால் 460 ரூபாய் திருப்ப வேண்டும்: நான்கு 100, ஒரு 50, ஒரு 10. இப்படி இரண்டு பேர் வந்தால் எட்டு 100 ரூபாய் காலி. ஆகவே முன்பு சொன்ன 1,000 ரூபாய்க்கு மேல் பத்து 100, நான்கு 50 என்று 1,200 ரூபாயைத் தனி அறையில் வையுங்கள். மங்கிய விளக்கில் நீல 50ஐயும் ஊதா 100ஐயும் மாற்றிக் கொடுக்கும் தவறு நடக்கும். நிறத்தை நம்பாமல் எண்ணைப் பார்த்துக் கொடுப்பதும், இரண்டையும் அடுத்தடுத்த அறையில் வைக்காமல் இருப்பதும் அதற்கு மருந்து.

கிழிந்த நோட்டை என்ன செய்வது? 20 ரூபாய் வரையிலான நோட்டில் ஒரே துண்டாகப் பாதிக்கு மேல் இருந்தால் வங்கியில் முழு மதிப்பும் கிடைக்கும், பாதியோ அதற்குக் குறைவோ என்றால் எதுவும் கிடைக்காது. 50 ரூபாயிலிருந்து கணக்கு வேறு: 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை என்றால் பாதி மதிப்பு. அழுக்கான, இரண்டாகக் கிழிந்து ஒட்டிய நோட்டுகளை ஒரு நாளில் 20 எண்ணிக்கை, 5,000 ரூபாய் வரை எந்த வங்கிக் கிளையிலும் கட்டணமின்றி மாற்றலாம். ஒட்டிய இரு துண்டும் ஒரே நோட்டுடையதாக இருக்க வேண்டும். மாற்ற வழி இருக்கும்போது, கிழிந்த பத்தை அடுத்த வாடிக்கையாளர் தலையில் கட்டுவது வேண்டாத வேலை.

யுபிஐ சில்லறையைக் குறைக்குமா?

எண்ணிக்கையில் குறைக்கும். 12 ரூபாய் டீக்குச் சரியாக 12 ரூபாய் வந்துவிடும். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியே வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் கிடையாது. பணம் வந்ததைக் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வைத்தால் அதன் மாத வாடகை மட்டும் தனி. சிறு தொகைக்கு யுபிஐ லைட், அதாவது போனில் முன்கூட்டியே ஏற்றிவைத்த இருப்பிலிருந்து கொடுப்பது, இன்னும் வசதி. பின் நம்பர் அடிக்கத் தேவையில்லை, பாஸ்புக்கில் 10 ரூபாய் 12 ரூபாய் என்று வரி வரியாக விழாது. 2024 டிசம்பரில் அதன் வரம்பு ஒரு பரிவர்த்தனைக்கு 1,000 ரூபாயாகவும், இருப்பு 5,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

ஆனால் கல்லாவில் அதன் விளைவு நினைத்ததற்கு எதிராகவும் திரும்பும். முன்பு சரியான சில்லறை கொண்டுவந்து கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் ஸ்கேனுக்கு மாறினார்கள். அவர்கள் கொண்டுவந்த நாணயம் உள்ளே வருவது நின்றது. கையில் ரொக்கம் வைத்திருப்பவர் நீட்டுவது 100, 200, 500. கூடவே, "ஜிபே பண்றேன், கேஷ் இருந்தா குடுங்கண்ணே" என்று கேட்பவர்கள் 100 ரூபாய்த் தாள்களைக் கொண்டுபோய்விடுகிறார்கள். ரொக்க விற்பனை பாதியானால் சில்லறைத் தேவையும் பாதியாகும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். முதல் இரண்டு வாரம் பழைய அளவையே வைத்துக்கொண்டு, மாலையில் எது மிஞ்சுகிறது என்று பார்த்துக் குறைப்பதே பத்திரம். ரொக்கம் கேட்பவருக்குக் கொடுப்பதாக இருந்தால் 500 ரூபாய்த் தாளை மட்டும் கொடுங்கள்.

மீதியை யுபிஐயில் அனுப்புவது இன்னொரு யோசனை. எண்ணைக் கேட்டு, பெயரைச் சரிபார்த்து, தொகை போட்டு, பின் அடித்து முடிப்பதற்குள் வரிசையில் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். 50 ரூபாய்க்கு மேல் மீதி, கூட்டம் இல்லாத நேரம் என்றால் சரி. 3 ரூபாய்க்கு இது ஆகாது. பணம் அனுப்பியதாகப் போன் திரையை மட்டும் காட்டுவதை ஏற்காமல் சவுண்ட் பாக்ஸ் குரலையோ கணக்கில் வரவையோ பார்த்துவிட்டே சரக்கைக் கொடுங்கள்; போலித் திரைகள் உலவுகின்றன.

போன் இல்லாத பாட்டி, கடைக்கு அனுப்பப்பட்ட சிறுவன், அன்றாடக் கூலியை ரொக்கமாக வாங்குகிறவர், இவர்களுக்கு ஸ்கேன் ஒரு வழியே அல்ல. "சில்லறை இல்லை, ஜிபே பண்ணுங்க" என்று இவர்களிடம் சொல்வது கடைக் கதவை மூடுவதற்குச் சமம்.

விலையை மாற்றினால்?

12 ரூபாய் டீயை 15 ஆக்கினால் சில்லறைச் சிக்கல் பெருமளவு தீரும். 20 ரூபாய் கொடுக்கும் 50 பேருக்கு 12 ரூபாய் விலையில் ஆளுக்கு 5+2+1 என்று 150 நாணயம் வேண்டும். 15 ரூபாய் என்றால் 50 ஐந்து ரூபாய் போதும். ஆனால் அது 25 சதவீத விலையேற்றம். சில்லறை கிடைக்காத காரணத்துக்காக வாடிக்கையாளர் அதைச் சுமப்பது நியாயமில்லை. விலையைத் தொடாமலே கல்லாவைக் காப்பாற்ற வழி உண்டு. 20 ரூபாய் நீட்டுகிறவரிடம் "2 ரூபாய் இருக்கா?" என்று கேளுங்கள். அவர் 22 கொடுத்தால் ஒரே ஒரு 10 ரூபாய் நாணயம் போகும், 2 ரூபாய் உள்ளே வரும்.

எடை போட்டு விற்பவர்களுக்கு இன்னும் எளிது. கால் கிலோவுக்கு 17 ரூபாய் என்று நிறுத்தாமல், எலக்ட்ரானிக் தராசில் கிலோ விலையைப் பதிந்து, தொகை 20 காட்டும் வரை சரக்கைப் போடுங்கள். வாடிக்கையாளரைக் கேட்டுவிட்டுச் செய்தால் இருவருக்கும் நஷ்டமில்லை. பாக்கெட் சரக்கில் இது முடியாது, எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கவும் கூடாது.

சில்லறைக்குப் பதில் சாக்லேட் கொடுப்பதை நாங்கள் ஒரு வழியாகவே எண்ணவில்லை. சாக்லேட் செல்லும் பணம் ஆகாது, அதை வாங்கிக்கொள்ள யாருக்கும் கடமையில்லை. நாளுக்கு 2 ரூபாய் இப்படிப் போனால் ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் 730 ரூபாய். எப்போதாவது 1, 2 ரூபாய் தரமுடியாமல் போனால் ஒரு துண்டுச் சீட்டில் தொகையும் தேதியும் எழுதிக் கையில் கொடுங்கள், அடுத்த முறை கழித்துக்கொள்ளலாம். "அப்புறம் வாங்கிக்கோங்க" என்ற வாய்வார்த்தை மறந்துபோகும்.

எங்கே வாங்குவது

முதல் இடம் வங்கி. எந்தக் கிளையும் சிறு மதிப்பு நோட்டையோ நாணயத்தையோ வாங்க மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கொடுப்பதில் அன்றைய இருப்பைப் பொறுத்துத் தாமதம் ஆகலாம், அதனால் முந்தைய நாளே காசாளரிடம் எத்தனை எந்த மதிப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். காலைக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போவது இருவருக்கும் நிம்மதி. நீங்கள் நாணயம் கட்டப் போனால் நூறு நூறாகப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எண்ண எளிது என்பதால் வங்கிகளும் அப்படித்தான் விரும்புகின்றன.

பக்கத்துக் கடைகள் அடுத்த நல்ல வழி. ஒரு கடைக்குத் தட்டுப்பாடு இன்னொன்றுக்கு உபரி. ஜெராக்ஸ் கடையிலும் பெட்டிக்கடையிலும் 1, 2 ரூபாய் தேங்கும், துணிக்கடையில் 100, 500 தேங்கும். வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தால் யாருக்கும் செலவில்லை. தெரு டீக்கடை, கோயில் வாசல் பூக்கடை, பேருந்து நடத்துநர்கள், யாசகர்கள் ஆகியோரிடமும் நாணயம் சேர்கிறது. முழு மதிப்புக்கு நோட்டுக் கொடுத்தால் அவர்களுக்கும் சுமை குறையும்.

கமிஷனுக்குச் சில்லறை தருபவரிடம் போவது கடைசி வழி. நூற்றுக்கு 5 ரூபாய் கமிஷன் என்று வைத்தாலே, நாளுக்கு 1,000 ரூபாய்ச் சில்லறைக்கு மாதம் 1,500 ரூபாய் போகும். திருவிழா நாள், திடீர்க் கூட்டம் என்றால் ஒருநாள் வாங்கலாம், பழக்கமாக்கிவிடக் கூடாது.

வாங்குகிறவர் பக்கமும் ஒரு வார்த்தை. கையில் எட்டே எட்டு உருப்படி இருந்தால் 1 முதல் 110 ரூபாய் வரை எந்தத் தொகையையும் சரியாகக் கொடுக்கலாம்: 1, 2, 2, 5, 10, 20, 20, 50. இதில் 50உம் இருபதுகளும் நோட்டு, மற்றவை நாணயம். 2019 வரிசை என்றால் நாணயத்தின் எடை 26 கிராம்தான். வீட்டிலிருந்து கிளம்பும்போது இதைப் பர்ஸில் நிரப்பிக்கொள்பவர் எந்த ஆட்டோவிலும் பேருந்திலும் தடுமாற வேண்டியதில்லை.

கடைக்காரர் இரவில் கல்லாவை மூடும்போது மொத்தத் தொகையோடு நில்லாமல் மதிப்புவாரியாக எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதவேண்டும். 2 ரூபாய் 30க்குக் கீழே, 5 ரூபாய் 20க்குக் கீழே, 100 ரூபாய் ஐந்துக்குக் கீழே இறங்கினால் மறுநாள் வாங்க வேண்டும் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். விற்பனைப் பணத்தை வங்கியில் கட்டும்போது 500, 200 மட்டும் கட்டுங்கள், சிறு மதிப்புகள் கல்லாவிலேயே தங்கட்டும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி இல்லை, மறுநாள் ஞாயிறு. அந்த வாரங்களில் வெள்ளி மதியத்துக்குள் மூன்று நாளைக்கான நாணயத்தை வாங்கி வைத்துவிடுங்கள்.